மேடில்லாத மன்னாரில் இறக்கம் தேடிய நாட்கள்

மன்னார்த் தீவுக்கு லாங்போர்ட் கொண்டுபோன முதல் மனிதன் நான்தான். மறுக்கிறவர்கள் ஆதாரத்தோடு வரட்டும். போன ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை பண்டாரவளையிலிருந்து கிளம்பினோம். நானும், நாங்கள் கௌசி என்று கூப்பிடுகிற என் மகள் கௌசல்யாவும். பேருந்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பலகை, மூன்றாவது ஆள் மாதிரி.

லாங்போர்ட் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரம் வைத்த நீளப் பலகை. மேலே நின்றுகொண்டு மலை வீதியில் இறங்குவது. கடையில் காலால் அழுத்தினால் வளைகிற பலகையும் விற்பார்கள். அது கடற்கரை நடைபாதைக்குச் சரி, இறக்கத்துக்கு ஆகாது. வேகம் கூடினால் நடுங்கத் தொடங்கிவிடும். கௌசியுடையது வளையாத சாதி. ஏழு அடுக்கு மேப்பிள் மரம். அதன் மேல் நான் குதித்துப் பார்த்திருக்கிறேன், என் எடை தொண்ணூறு கிலோ, ஒரு மயிரிழைகூடத் தாழவில்லை. இதில் மூன்று வித்தை உண்டு. நேரே இறங்குவது ஒன்று. இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து வளைவு போட்டுக்கொண்டு இறங்குவது இரண்டு. மூன்றாவதுதான் உயிர்: பலகையைச் சடாரென்று குறுக்கே திருப்பி, ஒரு கையைத் தாரில் ஊன்றி, நான்கு சக்கரத்தையும் வழுக்கவிட்டு வேகத்தைக் கொல்வது. இந்தப் பலகைக்கு வேறு பிரேக் கிடையாது.

இருபத்திரண்டு வருடம் ஹப்புத்தளை இறக்கத்தில் மரக்கறி லொறி ஓட்டியவன் நான். இறக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது மிச்சமில்லை. கௌசிக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். அவளிடம் கேட்டால் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பலகையை விட்டுப் போனதாகவும், கைப்பேசியில் பார்த்துப் பழகியதாகவும் சொல்வாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். நானும் ஓட்டுவேன். பெரும்பாலும் உட்கார்ந்து.

அவள் ஓட்டினால் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். மணிக்கு எண்பது கிலோமீட்டர் என்று நான் சொல்வேன், நாற்பது என்று அவள் சொல்வாள். அந்தப் பயணத்துக்குப் பத்து மாதம் முன் எங்கள் தோட்டத்து வளைவில் ஈரமாகக் கிடந்த இலைமேல் சக்கரம் ஏறிவிட்டது. வழுக்கி நிறுத்தப் பார்த்தாள், பலகை தனியாக, அவள் தனியாகப் போனாள். இடது பக்கக் காறை எலும்பு உடைந்தது. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. அதற்குப் பிறகும் அவள் பலகையில் ஏறவில்லை.

இந்த நிலைமையில் எல்ல என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தங்குவிடுதிக்காரர் கூப்பிட்டார். விருந்தாளிகளுக்கு லாங்போர்ட் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். இருபத்து நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்? திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். கௌசி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "நிறுத்தத் தெரியாதவ எப்படிப்பா மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது?"

இரண்டு நாள் யோசித்தேன். மலையில் பயந்த பிள்ளையை மலையிலேயே ஏறு என்றால் ஏறுமா? மேடே இல்லாத ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும். விழுந்தாலும் உருண்டு போக இடமில்லாத ஊர். அப்படி எனக்குத் தெரிந்து மன்னார்தான். அங்கே தாழ்வுபாட்டில் என் தங்கை செல்வி இருக்கிறாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன், மன்னாருக்குப் பக்கத்தில் முருங்கனில் குடியேறிய எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவள், சூசை என்ற கடற்தொழிலாளியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டாலும் எனக்கு இந்த மாதிரித் திட்டங்கள் தானாகவே வரும்.

இனிப் பயணக் கணக்கு, குறித்துக்கொள்ளுங்கள். பண்டாரவளையில் காலை ஐந்து மணிக்குக் கண்டிப் பேருந்து; பத்தேகால் மணிக்குக் கண்டி. ஆளுக்கு ஐந்நூற்று இருபது ரூபாய். பதினொன்றுக்கு வவுனியாப் பேருந்து, எழுநூறு ரூபாய், பிற்பகல் நான்கு மணிக்கு இறங்கினோம். அங்கிருந்து மன்னாருக்கு எண்பது கிலோமீட்டர், முந்நூற்று இருபது ரூபாய், இரண்டு மணி நேரம். வவுனியாவில் நடத்துனர் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன ஐயா இது?"

"மலையில இறங்குற பலகை."

"எங்க கொண்டு போறீங்கள்?"

"மன்னாருக்கு."

அவர் ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணை, கேட்டீங்களே? மன்னாரில மலை வந்திட்டுதாம். எங்களுக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை."

பேருந்தே சிரித்தது. கௌசி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பலகைக்கு அவர் டிக்கெட் எழுதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மன்னார் நகரிலிருந்து தாழ்வுபாட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும். முச்சக்கரவண்டிக்கு எழுநூறு ரூபாய். செல்வி வீட்டில் திருக்கைக் குழம்பு. சூசை சாப்பாட்டை விட்டுவிட்டுப் பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், மீன் வெட்டுற பலகைக்கு ஆரோ சில்லுப் பூட்டினவங்களோ?" கால் வழுக்காமல் இருக்க மேலே ஒட்டியிருந்த சொரசொரத் தாளை விரலால் தேய்த்தார். "இதில திருக்கையின்ர தோலை நல்லா உரிக்கலாம்."

"மாமா, அதுல மட்டும் கை வெச்சுடாதீங்க" என்றாள் கௌசி. அன்று அவள் வாய்விட்டுப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மேடில்லாத ஊர் என்றாலும் பலகை உருளக் கொஞ்சமாவது இறக்கம் வேண்டுமே என்று, சனிக்கிழமை காலை ஆறரைக்கு மன்னார்ப் பாலத்துக்குப் போனோம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற பாலம். நடுவில் கொஞ்சம் உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்கும். நாற்பது மைலுக்குள் அதைவிட மேடு இல்லை என்று சூசை சத்தியம் செய்தார். கௌசி தலைக்கவசம், முழங்கால் உறை, கையுறை எல்லாம் மாட்டினாள். அந்தக் கையுறையின் உள்ளங்கையில், சமையலறையில் காய் வெட்டுகிற தடித்த பிளாஸ்டிக் பலகையை வட்டமாக வெட்டி ஒட்டியிருப்பாள். வழுக்கும்போது தாரில் ஊன்றுவதற்கு.

பலகையில் ஒரு காலை வைத்தாள். மற்றக் கால் தரையிலேயே நின்றது. பக்கத்தில் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. நான் எண்ணவில்லை, ஆனால் இருபது நிமிடம் அப்படியே நின்றிருப்பாள். சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கி, "என்ன பிள்ளை, சில்லுக்குக் காத்துப் போயிட்டுதோ?" என்று அக்கறையாகக் கேட்டார். கௌசி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டாள்.

"மேடும் பத்தாதுப்பா, ஆளுக்குத் தைரியமும் பத்தாது. வாங்க போவோம்."

பிற்பகல் வேறு மேடு தேடினோம். சூசை மோட்டார் சைக்கிளில் மூன்று பேருமாகச் சிலாவத்துறை வரை போனோம், கொண்டச்சிப் பக்கமும் எட்டிப் பார்த்தோம். செம்மண், பற்றைக்காடு, கடல், எல்லாம் அழகு. ஆனால் வீதி மேசை மாதிரி. கட்டுக்கரைக் குளத்து அணைக்கட்டில் ஏறி இறங்குகிற சரிவு ஒன்று பார்த்தேன், நல்ல சரிவு, ஆனால் முழுக்கச் சரளைக்கல். சக்கரம் கல்லில் மாட்டினால் பல் போய்விடும். பெற்றோலுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போனது. இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். மன்னாரில் மேடு இல்லை. நான் தேடிவிட்டேன்.

அன்று மாலை முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தோம். ஆகஸ்டில் அங்கே வீசுகிற காற்றைச் சோளகம் என்பார்கள். தென்மேற்கிலிருந்து மாதக்கணக்காக விடாமல் வீசும். கரையோரம் வரிசையாக நிற்கிற மின்சாரக் காற்றாடிகள் சும்மா நிற்கவில்லை. செல்வி ஊற்றிய தேநீர் கோப்பைக்குள் விழாமல் என் மடியில் விழுந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், பாதி கோப்பைக்குள்ளும் விழுந்தது.

சூசை கேட்டார், "பிள்ளை, மேடு என்னத்துக்கு?"

"தள்ளிவிட ஏதாச்சும் வேணும் மாமா. இறக்கம் தள்ளிவிடும்."

"தள்ளிவிடத்தானே? அதுக்கு மண்ணை ஏன் தேடுறாய்? உது ஆர்?" என்று தலைக்கு மேலே கையை வீசிக் காட்டினார். அவருடைய சாரம் அந்த நேரம் பார்த்து முழங்காலுக்கு மேல் பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வந்ததும் சூசை வள்ளத்தில் காற்றுக்குக் கட்டுகிற பழைய பாயை எடுத்தார். கட்டில் விரிப்பு அளவுக்கு வெட்டி, நெடுக்கும் குறுக்குமாக இரண்டு மூங்கில் வைத்துக் கட்டி, கைக்குப் பிடிக்க இரண்டு கயிற்று வளையம் வைத்தார். செல்வி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த ஊரில் ஞாயிறு யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை பாய் விரிக்கக்கூடாது எண்டு தெரியாதா உங்களுக்கு?"

"கடலிலதானப்பா விரிக்கக்கூடாது. தார் ரோட்டுக்குச் சுவாமி ஒண்டும் சொல்லேல்லை."

"அண்ணே, நீயாவது சொல்லேன் இந்த மனுசனுக்கு."

நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறைத் தெரிந்தெடுத்ததற்குச் சூசை இன்னொரு காரணமும் சொன்னார். கடல் இல்லாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் ஐஸ் லொறி இல்லை, வீதி வெறுமையாகக் கிடக்கும். தாழ்வுபாட்டிலிருந்து மன்னார்ப் பக்கம் போகும்போது காற்று முதுகில் சாய்வாகப் பிடிக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு வீதிக்கு வந்தோம். அவர் சொன்னது சரி, அரை மணிக்கு ஒரு சைக்கிள்கூட இல்லை.

முதலில் நான்தான் போனேன். பலகையில் உட்கார்ந்து பாயைத் தூக்கினேன். அம்மாடி! லொறியில் கியர் விடுபட்ட மாதிரி இருந்தது. முந்நூறு மீட்டர் பறந்திருப்பேன். அதன் பிறகு வீதியோர மணலில் நிறுத்தினேன். அதாவது, மணல் என்னை நிறுத்தியது. சட்டையில் ஒரு கை இல்லை. சூசை ஓடிவந்து, "மச்சான், உயிரோட இருக்கிறீங்களோ, இல்லாட்டி செல்விக்கு என்ன சொல்லுறது?" என்றார். கௌசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. அதற்காக மற்றக் கையையும் கொடுத்திருப்பேன்.

சிரித்து முடித்து, பாயை எடுத்து உயர்த்திப் பார்த்தாள். காற்று இழுத்தது. கையை விட்டாள், பாய் தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி விட்டாள். நான்கைந்து தரம்.

"அப்பா, மலையை நிறுத்த முடியாது. இதை விட்டா நின்னுடுதே."

அவ்வளவுதான் சொன்னாள். தலைக்கவசத்தை மாட்டினாள், பலகையில் இரண்டு காலையும் வைத்தாள்.

முதல் ஓட்டம் நடை வேகம். இரண்டாவது சைக்கிள் வேகம். மூன்றாவதில் இடமும் வலமும் சாயத் தொடங்கினாள். பாயோடு சேர்ந்து அந்த வெறும் வீதியில் அவள் போட்ட வளைவுகள், தோட்டத்து வீதியில் போட்ட அதே வளைவுகள். நானும் சூசையும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனோம். பாய் முன்னுக்குத்தான் தள்ளும், திரும்பி வர உதவாது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் காற்றுக்கு எதிரே ஒன்றரைக் கிலோமீட்டர் அவளைப் பலகையோடு ஏற்றி வர வேண்டும். நானும் கடைசியில் தொற்றிக்கொள்வேன்.

ஆனால் நிறுத்தும்போதெல்லாம் பாயை விட்டுவிட்டு, வேகம் தானாகக் குறையும் வரைக்கும் காத்திருந்தாள். பலகையைக் குறுக்கே திருப்பவே இல்லை. நான்காவது ஓட்டம் முடிந்ததும் கேட்டேன்.

"ஒரே ஒரு தரம் வழுக்கிப் பாரேன்மா."

"இன்னைக்கு வேணாம்பா."

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்த ஆளு கூப்பிடுவாரு."

"தெரியும். முடியாதுன்னு சொல்லிடுறேன். இவ்வளவு ஓட்டினதே போதும்."

போதாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஐந்தேகால் மணிக்கு, கடைசி ஓட்டம் என்று சொல்லி ஏறினாள்.

சூசை ஒன்றை மறந்துவிட்டார். வெளியூர்க்காரன் எனக்கு அது தெரிய வழியில்லை, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஞாயிறு பின்னேரங்களில் அவர் பாயில் குறட்டை விடுகிறவர். மன்னாரில் யாரும் கட்டி வளர்க்காத கட்டாக்காலிக் கழுதைகள் அதிகம். லொறி ஓடாத ஞாயிறு என்றால் வீதி அவற்றுக்குச் சொந்தம். பின்னேரம் தார் இளஞ்சூடாக இருக்கும்போது உடைமரப் பற்றைக்குள்ளிருந்து வந்து நடுவீதியில் நிற்கும், படுக்கும்.

கௌசி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். மணிக்கு ஐம்பது என்று வையுங்கள், முப்பது என்றாலும் கோபிக்கமாட்டேன். பாய் முன்னால் விரிந்திருந்ததால் அவளுக்கு வீதி தெரியவில்லை. பின்னால் சாய்ந்து எட்டிப் பார்த்த எனக்குத்தான் தெரிந்தது. எட்டுப் பத்துக் கழுதைகள், வீதியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும். நடுவில் ஒரு குட்டி படுத்திருந்தது.

"கௌசீ! கழுதை! கழுதைம்மா!"

"மருமகள், பாயை விடு! விடு பிள்ளை!"

மோட்டார் சைக்கிள் இரைச்சலில் ஒரு சாண் தூரம்கூடப் போயிருக்காது எங்கள் சத்தம். அவளாகத்தான் பாயைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாள். பார்த்ததும் கையை விட்டாள். பாய் பறந்துபோய் முன்னால் நின்ற கழுதை ஒன்றின்மேல் மூடியது. பலகை நிற்கவில்லை. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் முள்வேலி, குதிக்க இடமில்லை. தானாக வேகம் குறையக் காத்திருந்தால் குட்டியின்மேல்தான் ஏறும்.

குந்தினாள். இடது கை தாரில் ஊன்றியது. பலகை சடாரென்று குறுக்கே திரும்பியது. நான்கு சக்கரமும் சீறிய சத்தம் அந்தக் காற்றையும் மீறிக் கேட்டது. கழுதைக்குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் நின்றுவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாரில் நான்கு வெள்ளைக் கோடு. கோடு முடிந்த இடத்துக்கும் குட்டியின் காலுக்கும் நடுவில் என் கையால் அளந்தேன், இரண்டு முழம். எனக்குப் பேச்சு வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

சூசைதான் பேசினார். பாய் மூடிய கழுதை அசையாமல் அப்படியே நின்றது. "பார் மருமகள், அதுக்குக் கலியாண முக்காடு போட்டு விட்டிருக்கிறாய். மாப்பிள்ளையை இனி எங்க தேடுறது?"

கௌசி கையுறையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் வட்டம் ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. இடது தோளை மெல்லச் சுழற்றினாள்.

"அப்பா, வலிக்கவே இல்ல."

"கழுதைக்கு நன்றி சொல்லு" என்றேன், ஒருவழியாக.

"மாமா, என்னைய இன்னொரு தரம் அங்க கொண்டுபோய் விடுங்க. கழுதைய விரட்டாதீங்க, அங்கேயே நிக்கட்டும். அதுக்கு ரொம்ப முன்னாடியே நிப்பாட்டிக் காட்டுறேன்."

கழுதையிடமிருந்து பாயை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் மூன்று தரம் வந்தாள். முதல் தரம் கழுதைகளுக்கு ஒரு வீட்டு நீளம் முன்னால் வழுக்கி நின்றாள். இரண்டாம் தரம் தடுமாறிப் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போவதற்குள் அவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டாள். மூன்றாம் தரம் நான் வீதியில் செருப்பைக் கழற்றி வைத்து அந்த இடத்தில் நில் என்றேன். செருப்பைத் தொடாமல் நின்றாள். கழுதைகள் அதற்குள் எங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டன.

திங்கள் காலை பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. முற்றத்தில் காற்றுச் சத்தம் என்று அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்று பேசினாள். செல்வி, சூசை, நான், மூவரும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். வேலைக்கு வருவதாகச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "ஆனா ஒண்ணு சார். யாரா இருந்தாலும் முதல் கிழமை ஏழு நாளும் மலையில ஏத்தமாட்டேன். சமதரையில நிறுத்தப் பழகினாத்தான் இறக்கம். காசு குடுத்தாங்கன்னு அவசரப்படுத்தினா நான் வரல." அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. பிறகு "சரி சார், வந்துடுறேன்" என்றாள். செல்வி அந்தோனியார் படத்துக்கு மெழுகுதிரி ஏற்றினாள். சூசை பாயை ஏற்கெனவே சுருட்டி எங்கள் பையோடு கட்டி வைத்திருந்தார்.

போக நினைக்கிறவர்களுக்கு: காற்று வேண்டுமென்றால் வைகாசியிலிருந்து புரட்டாதிக்குள் போங்கள். பலகை வளையாததாக இருக்கட்டும், வளைகிற பலகை பாய் இழுக்கும்போது ஆட்டம் போடும். தலைக்கவசமும் கையுறையும் இல்லாமல் ஏறாதீர்கள். ஊர் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிறு பிற்பகல் மூன்றிலிருந்து நாலரை வரைக்கும் நல்ல நேரம், அதன் பிறகு கழுதைகளின் நேரம். உதவிக்கு வருகிற மோட்டார் சைக்கிள் பின்னால் வரக்கூடாது, முன்னால் போக வேண்டும்; நாங்கள் செய்த பெரிய பிழை அதுதான். பாயில் கண் மட்டத்துக்கு ஒரு சதுரம் வெட்டி, தெளிந்த பிளாஸ்டிக் வைத்துத் தையுங்கள். எங்களுக்குச் சூசை வீட்டில் தங்கினதால் செலவு இல்லை. நகரில் சாதாரண அறை நான்காயிரம் ரூபாய் என்று விசாரித்தேன். இரண்டு பேருக்குப் போக வர, சாப்பாட்டோடு, பதினோராயிரத்துக்குள் முடிந்தது.

கௌசி வேலைக்குச் சேர்ந்து இப்போது மூன்றாவது மாதம். முதல் வகுப்பில் இரண்டு வெள்ளைக்காரர், ஹட்டனிலிருந்து வந்த ஒரு பாடசாலை ஆசிரியை, நான். நாங்கள் நால்வரும் மைதானத்தில் ஒரு கிழமை பாயைப் பிடித்துக்கொண்டு நின்று பழகினோம். ஆசிரியை நாலாம் நாளே வழுக்கி நின்றுவிட்டார். வெள்ளைக்காரர்கள் இறக்கத்துக்குப் போய்விட்டார்கள். இருபத்திரண்டு வருடம் ஹப்புத்தளை இறக்கத்தில் லொறி ஓட்டியதை நான் அவளுக்குப் பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டேன். இன்னும் என்னை மைதானத்தை விட்டு வெளியே விடவில்லை.